சொட்டு நீர் கிட்: பைப்புக்கு முழு மார்க், டைமருக்கு முட்டை

எட்டு மாசமா இந்த டிரிப் கிட்ட ஓட்டிட்டு இருக்கேன், அதனால டப்பாவப் பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுற ரிவ்யூ இல்ல இது. பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா இதே மாதிரி "30 செடிக்கு ஆட்டோமேட்டிக் டிரிப்"னு போட்ட டப்பா நெறைய பேர்ல கிடைக்குது, உள்ள இருக்கிற சாமானும் ஏறக்குறைய ஒண்ணுதான். நீங்க எத வாங்கினாலும் நான் மாட்டிக்கிட்ட அதே எடத்துலதான் மாட்டுவீங்க.

என் தோட்டம் பெருசெல்லாம் இல்ல. மாடில 24 குரோ பேக் (செடி வளக்குற பை), தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, ரெண்டு பேக்ல புடலை. கீழ வீட்டு ஓரமா ரெண்டு நீளப் பாத்தி. காலைல பூவாளி தூக்கிட்டு கிளம்பினா முழுசா 40 நிமிஷம், சாயங்காலம் மறுபடியும். நாலு நாள் வெளிய போயிட்டு வந்தா பாதி செடி தலை சாஞ்சு கெடக்கும். கடைசியா ஒருதடவை காய் புடிச்ச நேரத்துல பத்து தக்காளிச் செடி போச்சு, அந்தக் கோவத்துல ஆர்டர் போட்டதுதான் இந்த கிட்.

உள்ள இருந்தது என்னன்னா 16 எம்எம் கருப்பு பைப் 20 மீட்டர், 4 எம்எம் சின்ன டியூப் 20 மீட்டர், டிரிப்பர், அதாவது செடிகிட்ட தண்ணி சொட்ட விடுற சின்ன மூக்கு, திருகி கூட்டி குறைக்கிற வகை 30, டியூப நிக்க வைக்க குச்சி 30, பைப்ப இணைக்கிற டீ, எல்போ, ஜாயினர், பைப் கடைசிய மூடுற எண்ட் கேப் ரெண்டு, ஓட்டை போடுற பஞ்ச், கைக்கு அடக்கமா ஒரு ஃபில்டர், பேட்டரி டைமர், அப்புறம் பூதக்கண்ணாடி வச்சாலும் படிக்க முடியாத ஒரு சீட்டு. அந்த சீட்டப் பத்தி பின்னாடி வரேன், ஏன்னா அதுலதான் எல்லா வில்லங்கமும் இருந்துச்சு.

பைப் நல்ல பைப். இத மனசார சொல்றேன். நல்ல கனம், உள்ளயும் வெளியவும் ஒரே கருப்பு, எட்டு மாச வெயில்ல வெடிப்பு இல்ல, வெளுக்கல. கருப்பா இருக்கிறது அழகுக்கு இல்ல, உள்ள வெளிச்சம் போச்சுன்னா பாசி புடிச்சுக்கும், பாசி புடிச்சா டிரிப்பர் அடைக்கும். மீன் தொட்டிக்கு போடுற கண்ணாடி மாதிரி டியூப இதுக்கு யூஸ் பண்ணாதீங்க, மூணு வாரத்துல உள்ள பச்சைப் பசேல்னு ஆயிடும், நான் பக்கத்துல ஒரு தொட்டிச் செடிக்கு மட்டும் போட்டுப் பாத்து கழட்டி எறிஞ்சேன்.

மாட்டுறது கஷ்டமா இருக்குமான்னு கேட்டா, ஒரு மத்தியானம் போதும், ஆனா ரெண்டு விஷயம் தெரியாம ஆரம்பிச்சா வெரல் ரெண்டும் பழுத்துடும். ஒண்ணு, பைப் சுருளா வரும், அத அப்படியே நேரா இழுத்து மாட்டப் பாத்தீங்கன்னா பாம்பு மாதிரி திரும்பத் திரும்ப சுத்திக்கும், அரை மணி நேரம் வெயில்ல விரிச்சுப் போட்டுட்டு அப்புறம் எடுங்க, சொன்ன பேச்ச கேக்கும். ரெண்டாவது, டீ, எல்போ இதெல்லாம் பைப்புக்குள்ள சொருகும்போது உசுர குடுத்து அழுத்துவோம், தேவையே இல்ல, ஒரு டம்ளர்ல சுடுதண்ணி வச்சுட்டு பைப் முனைய அதுல பத்து இருபது செகண்ட் முக்கி எடுத்து சொருகினா வெண்ணெய் மாதிரி போகும், ஆறினதும் தானா இறுக்கிப் புடிச்சுக்கும். ஆனா ஓட்டை போடுற பைப்ப மட்டும் சுடவைக்காதீங்க, ஓட்டை பெருசாகி அதுல சொருகுற சின்ன கனெக்டர் சுத்தி ஒழுகிட்டே இருக்கும். நான் அப்படி நாலு ஓட்டைய கெடுத்துட்டேன். அதுக்கு டம்மின்னு சின்ன அடைப்பு தனியா கிடைக்கும், கிட்ல ஒண்ணுகூட வைக்கல, வச்சிருக்கணும், ஏன்னா தப்பா ஓட்டை போடாத மனுஷன் யாரு.

எங்க அத்தை பாத்துட்டு "தண்ணி ஊத்தறதுக்குக் கூடவா மிஷினு"ன்னு ஒரு சிரிப்பு. மொத நாள் தண்ணி தொறந்தப்ப அவங்க சிரிச்சது சரிதான்னு தோணிடுச்சு.

என்ன ஆச்சுன்னா, டேங்குக்கு பக்கத்துல இருக்கிற பேக்ல தண்ணி குளம் மாதிரி நிக்குது, கீழ ஓட்டை வழியா வழிஞ்சு தரையெல்லாம் ஓடுது, கடைசில இருக்கிற மூணு பேக்ல ஒரு சொட்டுகூட இல்ல. சரி, திருகுற டிரிப்பர்தானே, முன்னாடி இருக்கறத கொஞ்சம் மூடுவோம்னு மூடினா நடுவுல இருக்கறது பீச்சுது, அத மூடினா மொதல்ல மூடினது மறுபடியும் கூடுது. ஒருத்தர் வாய மூடினா இன்னொருத்தர் பேசுறாங்க. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு திருகி ஒருவழியா சமன் பண்ணி வச்சா, மறுநாள் காலைல பாத்தா எல்லாம் தலைகீழ். நாலு நாள் இதே கூத்து.

அப்புறம்தான் ஒக்காந்து யோசிச்சேன், என் டேங்க் தண்ணி மட்டம் பேக்குகளுக்கு மேல சுமார் ரெண்டு மீட்டர் ஒசரத்துலதான் இருக்கு. தண்ணி 10 மீட்டர் ஒசரத்துல இருந்தாத்தான் ஏறக்குறைய 1 பார் பிரஷர் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு), அப்போ எனக்கு வர்றது 0.2 பார். டிரிப்பர்ல மணிக்கு 4 லிட்டர்னு எழுதியிருக்கிறது பொதுவா அந்த 1 பார் கணக்குக்கு. பிரஷர் அஞ்சுல ஒரு பங்கா குறைஞ்சா தண்ணி அஞ்சுல ஒரு பங்கா குறையாது, பாதிக்கு கொஞ்சம் கம்மியா வரும், அது வேற கணக்கு. ஆனா கிட்ல இருந்த திருகுற டிரிப்பர் இருக்கே, அத நல்லா தொறந்தா ஒவ்வொண்ணும் மணிக்கு பத்து இருபது லிட்டர் விடும். 24 டிரிப்பரும் அப்படி தொறந்து கிடந்தா அந்த பைப்ல தண்ணி வேகமா ஓடணும், வேகமா ஓடினா உரசல்லயே பிரஷர் போயிடும், நம்மகிட்ட இருக்கறதே ரெண்டு மீட்டர், அதுல பாதிய பைப்பே தின்னுட்டா கடைசி பேக்குக்கு என்ன மிச்சம்.

அதுக்கு மருந்து என்னன்னா கொஞ்சமா விடுற டிரிப்பர். நான் தனியா மணிக்கு 4 லிட்டர் போட்ட பட்டன் டிரிப்பர், அதாவது திருகி மாத்த முடியாத சின்ன டிரிப்பர், 24 வாங்கி, திருகுறது எல்லாத்தையும் கழட்டி கடாசிட்டு மாட்டினேன். அன்னைக்கே சரியாயிடுச்சு. எப்படி தெரியும்னா பாட்டில் டெஸ்ட் பண்ணேன். மொத பேக், நடு பேக், கடைசி பேக், மூணுலயும் டிரிப்பர பாட்டிலுக்குள்ள விட்டு 15 நிமிஷம் ஓட்டி அளந்தேன். டிரிப்பர்ல எழுதியிருக்கிறபடி வந்தா 15 நிமிஷத்துக்கு 1 லிட்டர் வரணும், எனக்கு மொதல்ல 440 மில்லி, நடுவுல 430, கடைசில 410. பாதிக்கும் கம்மிதான், இருக்கட்டும், அத நேரத்த கூட்டி சரி பண்ணிக்கலாம். எல்லாத்துக்கும் ஒரே அளவு போகுதுல்ல, அதுதான் எனக்கு வேண்டியது.

அந்த சின்ன பட்டன ஒருதடவை ஒடைச்சுப் பாருங்க, உள்ள வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை இருக்கும். ஓட்டைய ஊசி மாதிரி சின்னதாக்கினா சீக்கிரம் அடைச்சுக்கும், அதனால ஓட்டைய ஓரளவு பெருசாவே வச்சுட்டு பாதைய நீளமாக்கி, உரசல்லயே தண்ணி வேகத்த கொல்றது. சிம்கா பிளாஸ்னு ஒரு இஸ்ரேல் இன்ஜினியர் கொண்டுவந்த வழி அது, 1965ல ஹட்செரிம்னு ஒரு கிப்புட்ஸ்ல (அங்க இருக்கிற கூட்டுப் பண்ணை ஊர்) அத வச்சு நெட்டாஃபிம்னு சொட்டு நீர் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கிட்ல வந்த திருகுற டிரிப்பர்ல அந்தப் பாதையெல்லாம் கிடையாது, மூடிய திருகினா சந்து சின்னதாகும், அவ்வளவுதான், சின்ன மண்ணு வந்து அந்த சந்துல ஒக்காந்தா முடிஞ்சுது கதை. பெரிய மரத் தொட்டிக்கு அது ஓகே. வரிசையா வச்ச காய்கறிக்கு வேண்டவே வேண்டாம்.

நடுவுல இன்னொரு செலவும் பண்ணேன். பிரஷர் காம்பன்சேட்டிங்னு ஒரு வகை இருக்கு, மேடு பள்ளம் எப்படி இருந்தாலும் ஒரே அளவு விடும்னு எல்லாரும் புகழ்றாங்களேன்னு அஞ்சு வாங்கிப் பாத்தேன். பொருள்ல குத்தம் இல்ல, உள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கு, அது வேலை செய்யவே சுமாரா அர பார் வேணும், என்னோட 0.2ல அது தூங்கிட்டு இருந்துச்சு. மோட்டார் லைன்லயோ நல்ல வேகமா வர்ற குழாய்லயோ மாட்டுறவங்களுக்கு அதுதான் பெஸ்ட். டேங்க் தண்ணி தானா எறங்கி வர்றவங்க அந்தப் பக்கம் போகாதீங்க.

இப்ப டைமர். இங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. ரெண்டு பேட்டரி போட்டு, காலைல 6 மணிக்கு 20 நிமிஷம்னு செட் பண்ணேன், 6 மணிக்கு "டக்"னு சத்தம் கேக்குது, தண்ணி மட்டும் நூல் மாதிரி வருது. டைமர கழட்டிட்டு நேரா மாட்டினா நல்லா வருது, மாட்டினா வரமாட்டேங்குது. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணா "மேடம் பேட்டரி மாத்திப் பாருங்க", மாத்தினேன், "மேடம் ரீசெட் பண்ணுங்க", பண்ணேன், "மேடம் உங்க தண்ணில அழுக்கு இருக்கும்", எனக்கு தலை சுத்திடுச்சு. கடைசில அந்த சீட்ட போன்ல போட்டோ புடிச்சு பெருசாக்கிப் பாத்தா, ஒரு மூலைல குறைஞ்சபட்ச பிரஷர் 0.5 பார்னு இருக்கு. டப்பா மேல இவ்வளவு பெரிய எழுத்துல "30 செடி"ன்னு போடத் தெரிஞ்சவங்களுக்கு இத ஒரு வரி வெளிய போட முடியாதா. ஃபோன் எடுத்த அந்தப் பொண்ணுக்காவது "உங்க வீட்ல டேங்க்ல இருந்து வருதா, மோட்டார்ல இருந்து வருதா"ன்னு ஒரு கேள்வி கேக்க சொல்லிக்குடுத்திருக்கலாம்ல.

விஷயம் இதுதான், டைமர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு சோலினாய்டு, தண்ணியோட அழுத்தமே உள்ள இருக்கிற சவ்வத் தூக்கி வழி விடணும், அழுத்தம் இல்லேன்னா தூக்காது. இன்னொண்ணு பால் வால்வு, சின்ன மோட்டார் ஒண்ணு உள்ள இருக்கிற உருண்டைய திருப்பும், தொறக்கும்போது "கர்ர்ர்"னு கொஞ்ச நேரம் சத்தம் வரும், அதுக்கு பிரஷரே வேண்டாம், 0 பார்ல இருந்தே ஓடும். டேங்க் தண்ணின்னா கண்ண மூடிட்டு ரெண்டாவதுதான். கிட் டைமர் இப்ப ஒரு டப்பாக்குள்ள தூங்குது, தனியா வாங்கின பால் வால்வு டைமர் ஏழு மாசமா ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. அதுல ஒரே ஒரு பயம், தொறந்திருக்கறப்ப பேட்டரி செத்தா தொறந்தபடியே நின்னுடும், டேங்க் மொத்தமும் காலி. அதனால ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பேட்டரி நல்லா இருக்கோ இல்லையோ மாத்திடுவேன்.

ஃபில்டரும் அந்த சீட்டுல டைமருக்கு அப்புறம் மாட்டுற மாதிரி படம் போட்டிருந்தாங்க. நான் மாத்தி, குழாய், ஃபில்டர், டைமர், பைப்னு வச்சுட்டேன். மண்ணு டைமருக்குள்ள போய் வால்வுல ஒக்காரக்கூடாதுல்ல. ஃபில்டர்ல ஒரு அம்புக்குறி இருக்கும், தண்ணி போற பக்கம் அது பாக்கணும், திருப்பி மாட்டினாலும் தண்ணி வரும், அதனால தப்பு தெரியாது, ஆனா அழுக்கு தப்பான பக்கம் சேந்து வலைய சுத்தம் பண்றதே பெரும்பாடா போயிடும். கிட் ஃபில்டர் 120 மெஷ், அதாவது வலைல ஒரு இன்ச்சுக்கு 120 கண், டிரிப்புக்கு அது போதும், அந்த விஷயத்துல குறை சொல்ல மாட்டேன். என்ன, ரொம்ப சின்னது, மொத மாசம் வாரத்துக்கு ஒருதடவை கழுவினேன், டேங்க நல்லா கழுவி மூடிய ஒழுங்கா போட்டதுக்கு அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை போதுமா இருக்கு.

எங்க தண்ணி உப்பு. மூணாவது மாசம் நாலஞ்சு டிரிப்பர் வாயில வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி புடிச்சு சொட்டு குறைஞ்சுது. கழட்டி ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறப்போட்டு காலைல குலுக்கி கழுவினா பழையபடி ஆயிடுது. ஊசி விட்டு குத்தாதீங்க, உள்ள இருக்கிற பாதை கிழிஞ்சுடும். மாசம் ஒருதடவை எண்ட் கேப்ப கழட்டி தண்ணிய ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடுங்க, மொதல்ல வர்ற தண்ணியோட கலரப் பாத்தா அப்புறம் மறக்கவே மாட்டீங்க. கரைசல் உரம் ஊத்துறவங்க அத கையாலயே வேர்ல ஊத்திடுங்க, சரியா வடிகட்டாம டேங்க்ல கலந்து டிரிப் வழியா விட்டா அடைச்சுக்கும். அப்புறம் எறும்பு. தண்ணி நின்னதும் ஈரத்த தேடி டியூப் வாய்க்குள்ள நொழையுது, குச்சில டியூப மண்ணுல படாம ரெண்டு வெரக்கடை தூக்கி வச்சதுல குறைஞ்சுது. மண்ணுல பட்டுட்டு இருந்தா தண்ணி நிக்கும்போது சேறையும் உறிஞ்சுக்கும், அதுக்கும் இதே வைத்தியம்தான்.

எவ்வளவு நேரம் ஓட்டணும்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒரே பதில் கிடையாது. தேங்காய் நார் கலந்த பேக் ஒருதடவை நல்லா காஞ்சுட்டா தண்ணிய உள்ள வாங்காது, பக்கவாட்டுல வழிஞ்சு கீழ ஓடிடும், நாம மேல ஈரத்த பாத்துட்டு நல்லா குடிச்சிருக்குன்னு நெனப்போம், வேர் காஞ்சு கிடக்கும். அதனால ஒரேடியா 40 நிமிஷம் விடாம காலைல 15, பதினோரு மணிக்கு 10, சாயங்காலம் 15னு பிரிச்சேன், அப்பத்தான் பேக் முழுக்க ஊறுது. என் பிரஷர்ல அது பேக்குக்கு ஒரு லிட்டருக்கு மேல கொஞ்சம். காய் புடிச்ச தக்காளிக்கும் புடலைக்கும் வெயில் காலத்துல அது பத்தாது, அதுங்களுக்கு மட்டும் ரெண்டாவது டிரிப்பர் சொருகிட்டேன். நேரத்த கூட்டினா மிளகாய்க்கும் சேத்து கூடும், மிளகாய்க்கு கால் ஈரமாவே இருந்தா புடிக்காது. செடிக்கு செடி தண்ணி அளவு மாத்தணும்னா டிரிப்பர் எண்ணிக்கைய மாத்துறதுதான் சுலபமான வழி.

பாத்திக்கு இந்த கிட் சரிப்படாது. அங்க ஒரு அடிக்கு ஒருதடவை உள்ளயே டிரிப்பர் வச்சு வர்ற இன்லைன் பைப்ப விரிச்சுட்டேன், வேலையே இல்ல. களிமண்ணா இருந்தா ஈரம் பக்கவாட்டுல நல்லா பரவும், அந்த எடைவெளி போதும். மணல் மண்ணுன்னா தண்ணி நேரா கீழ எறங்கிடும், இன்னும் நெருக்கமா வேணும். கீரை வெதைச்சிருந்தா மொளைக்கிற வரைக்கும் பூவாளிதான், அதுல டிரிப் ஒண்ணும் பண்ண முடியாது, வெதை எங்க விழுந்துச்சோ அங்க சொட்டு விழாது.

பலன் என்னன்னா, தக்காளி வெடிக்கிறது நல்லா குறைஞ்சிருக்கு. முன்னாடி ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் ரொம்ப ஊத்தி, காய் திடீர்னு உப்பி வெடிக்கும். அடிப்பக்கம் கருத்து அழுகுறதும் இந்த தடவை ரெண்டே காய்லதான் பாத்தேன், தண்ணி முன்ன பின்ன ஆனா கால்சியம் காய்க்கு ஒழுங்கா போய்ச் சேராது, அதுதான் அந்த அழுகலுக்கு முக்கிய காரணம். இலை நனையாததால கீழ் இலைல புள்ளி விழறதும் கம்மி. ஆனா ஒண்ணு, பூவாளி புடிக்கிற காலத்துல தினமும் ஒவ்வொரு செடியையும் மூஞ்சிக்கு நேரா பாப்பேன், இப்ப பாக்கறது இல்ல, வெண்டைல அசுவினி ஏறி இலையெல்லாம் பிசுபிசுன்னு ஆனப்புறம்தான் எனக்கு தெரிஞ்சுது. அதுக்கு கிட்ட திட்ட முடியாது.

போன மாசம் ஒம்பது நாள் வீட்ல யாரும் இல்ல. புது பேட்டரி, டேங்க் ஃபுல், பக்கத்து வீட்டு அக்காகிட்ட மட்டும் நாலு நாளைக்கு ஒருதடவை டேங்க ரொப்ப சொல்லிட்டு போனேன். டேங்க் மட்டம் எறங்க எறங்க சொட்டும் குறையும், என் கணக்குல ஃபுல்லா இருக்கறப்ப வர்றதுல ஒரு கால் பங்கு போயிடும், முக்கால்தான் வரும், அதனாலதான் அந்த அக்கா. திரும்பி வந்து பாத்தா 24ல 23 பேக் ஜம்முனு இருக்கு. ஒண்ணுல குச்சி சாஞ்சு டியூப் வெளிய தொங்கி, ஒம்பது நாளும் தரைக்கு தண்ணி பாய்ச்சியிருக்கு, ஒரு கத்தரி போச்சு. அதுலேருந்து ஒவ்வொரு டியூபையும் குச்சியோட ஒரு நூல் போட்டு கட்டிட்டேன்.

மார்க் போடணும்னா பைப்புக்கு 5க்கு 5, கனெக்டருக்கு 4, ஃபில்டருக்கு 3, டிரிப்பருக்கு 1, டைமருக்கு முட்டை. டேங்க்ல இருந்து தானா எறங்குற தண்ணின்னா இந்த கிட்ட வாங்காதீங்க, 16 எம்எம் பைப், 4 லிட்டர் பட்டன் டிரிப்பர், ஃபில்டர், பால் வால்வு டைமர், டம்மி ஒரு பத்து, எல்லாத்தையும் சில்லறையா வாங்குங்க, நான் ரெண்டுதடவை செலவு பண்ணத நீங்க ஒருதடவைல முடிச்சுடலாம். நல்ல பிரஷர் வர்ற குழாய்ன்னா கிட் டைமரே ஓடும், டிரிப்பர மட்டும் மாத்திக்கோங்க. அஞ்சாறு தொட்டி மட்டும் வச்சிருக்கீங்கன்னா ஒரு பூவாளியே போதும், எங்க அத்தை இப்பவும் அவங்க துளசிக்கு சொம்புலதான் ஊத்துறாங்க, அந்தத் தொட்டிக்கு நான் இழுத்து வச்ச டியூப அவங்களே புடுங்கி மிளகாய்க்கு சொருகிட்டாங்க.